அமெரிக்க விமானங்களில் இருக்கை உரிமை: அறிவிப்பு வரட்டும் என்று காத்திருந்தால் கிடைக்காது

அமெரிக்காவுக்குள் பறக்கும் விமானமானாலும் சரி, அங்கிருந்து கிளம்புகிற அல்லது அங்கே போய் இறங்குகிற வெளிநாட்டு விமானமானாலும் சரி, உடற்குறை உள்ள பயணிக்கு இருக்கை விஷயத்தில் சட்டப்படி சில உரிமைகள் உண்டு. 1986-இல் நிறைவேறிய ஏர் கேரியர் ஆக்ஸஸ் ஆக்ட் இதற்கு அடிப்படை. நடைமுறை விதிகள் அமெரிக்கக் கூட்டாட்சி விதித்தொகுப்பின் 14-ஆம் தலைப்பில் 382-ஆம் பகுதியாக இருக்கின்றன. முழுமையாகத் திருத்தி எழுதப்பட்ட விதிகள் 2009 மே 13 அன்று நடைமுறைக்கு வந்தன. பயணி எந்த நாட்டுக் குடிமகன் என்ற கேள்வி இதில் எழாது. பிள்ளைகளைப் பார்க்க விசிட்டர் விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கும் இதே விதிதான்.

ஆனால் ஒன்று. இந்த உரிமைகளில் பெரும்பாலானவை பயணி தானாகச் சொன்னால்தான் உயிர் பெறும். "எனக்கு இந்தக் காரணத்துக்காக இப்படிப்பட்ட இருக்கை வேண்டும்" என்று சொல்லாதவரைக்கும் விமான நிறுவனத்துக்குக் கடமை எதுவும் தொடங்குவதில்லை. ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று கேட் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் இதில் கோட்டை விடுகிறார்கள்.

வயது மட்டும் காரணம் ஆகாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எழுபத்தைந்து வயது என்பதால் முன்வரிசை கிடைக்காது. முட்டி மடங்கவில்லை, காது கேட்கவில்லை, தனியாக நடக்க முடியவில்லை என்பதால் கிடைக்கும். கேட்கும்போது வயதைச் சொல்லாமல், உடலால் எது முடியவில்லை என்பதைச் சொல்லுங்கள்.

யாருக்கு எந்த இருக்கை

விதி 382.81 நான்கு வகையினரைத் தனியாக எடுத்துச் சொல்கிறது. இவர்கள் கேட்டால் "பார்க்கிறோம்" என்ற பதிலுக்கு இடமில்லை, ஏற்பாடு செய்தே தீர வேண்டும்.

முதல் வகை, விமானத்துக்குள் ஐல் சேர் எனப்படும் குறுகலான சக்கர நாற்காலியில் கொண்டுவரப்பட்டு, நடைபாதை ஓரத்தில் அசையாமல் நிற்கும் ஆர்ம்ரெஸ்ட் எனப்படும் கைதாங்கியைத் தாண்டி உட்கார முடியாதவர்கள். இவர்களுக்கு ஆர்ம்ரெஸ்டைத் தூக்கக்கூடிய வரிசை வேண்டும். எந்த வரிசை, எந்த எழுத்து என்று கேட்டால் விமான நிறுவனம் சொல்லியாக வேண்டும் (விதி 382.41). நடைபாதைப் பக்கத்து ஆர்ம்ரெஸ்ட் பார்வைக்கு அசையாதது போலத்தான் இருக்கும். பல விமானங்களில் அதன் அடிப்புறத்தில், முதுகுச்சாய்வை ஒட்டிய மூட்டுப் பக்கம், ஒரு சிறு விசை மறைந்திருக்கும். அதை அழுத்தினால்தான் மேலே எழும். பணியாளருக்கே சில நேரம் இது தெரியாமல், "இது தூக்காது" என்று சொல்லிவிடுவது உண்டு. இன்னொரு சிக்கல், முன்சுவரை ஒட்டிய பல்க்ஹெட் வரிசை. அங்கே சாப்பாட்டுத் தட்டு ஆர்ம்ரெஸ்டுக்குள் மடங்கியிருப்பதால் பெரும்பாலும் அது தூக்க முடியாததாகவே இருக்கும். ஐல் சேர் பயணிக்கு இடம் தாராளம் என்று நினைத்து பல்க்ஹெட் கேட்டு வாங்கி, கடைசியில் அதிலேயே மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

இரண்டாவது வகை, உதவியாளரோடு வருபவர்கள். சாப்பிட உதவுவது போல விமானப் பணியாளர் செய்யக் கடமைப்படாத வேலையைப் பறக்கும்போது செய்யும் துணை, பார்வையற்றவருக்கு வாசித்துச் சொல்பவர், காது கேளாதவருக்குச் சைகை மொழியில் சொல்பவர், பாதுகாப்புக்காகத் துணை வேண்டும் என்று விமான நிறுவனமே சொல்லி உடன் வருபவர் ஆகியோருக்கு அடுத்த இருக்கை கொடுக்க வேண்டும். "அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் உட்கார வேண்டும்" என்பது இந்த வகையில் வராது. "அப்பாவுக்குக் கை நடுக்கம், அம்மாதான் ஊட்ட வேண்டும்" என்பது வரும். இரண்டு டிக்கெட்டும் ஒரே பி.என்.ஆரில் இல்லாவிட்டால் இரண்டு எண்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பயிற்சி பெற்ற சேவை நாயோடு வருபவர்கள். பல்க்ஹெட் வேண்டுமா, வேறு வரிசை வேண்டுமா என்பது அவர்கள் தேர்வு.

நான்காவது, கால் மடங்காதவர்கள் அல்லது கட்டுப்போட்டு அசைக்க முடியாமல் இருப்பவர்கள். பல்க்ஹெட் அல்லது மற்ற இருக்கைகளைவிடக் கால்வைக்க இடம் அதிகமுள்ள இருக்கை, அதுவும் எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம். இந்தக் கடைசிச் சொற்றொடரைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. ஒரு நடைபாதையும் இருபுறமும் மூன்று மூன்று இருக்கையும் உள்ள விமானத்தில் 'சி' இருக்கைக்கு நடைபாதை வலப்புறம், 'டி' இருக்கைக்கு இடப்புறம். வலது கால் மடங்காதவர் 'சி' கேட்க வேண்டும், இடது கால் என்றால் 'டி'. பல்க்ஹெட்டில் முன்னால் சுவர் இருப்பதால் காலை முழுதாக நீட்ட முடியாத விமானங்களும் உண்டு. அங்கே காலடியில் பை வைக்கவும் முடியாது, மருந்துப் பை உட்பட எல்லாம் புறப்படும்போதும் இறங்கும்போதும் மேலே போய்விடும். யோசித்துக் கேளுங்கள்.

இந்த நான்கிலும் அடங்காத, ஆனால் உடற்குறை காரணமாகக் குறிப்பிட்ட இருக்கை தேவைப்படுகிறவர்கள் விதி 382.85-இன் கீழ் வருவார்கள். இவர்களுக்கும் கேட்கும் உரிமை உண்டு, பலம் கொஞ்சம் குறைவு. காலியாக இருப்பதிலிருந்து கொடுக்க வேண்டும், ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவரை எழுப்ப வேண்டியதில்லை.

எந்த வகையானாலும் வாங்கிய டிக்கெட்டின் வகுப்புக்குள்தான் இருக்கை. எகானமி டிக்கெட்டுக்கு பிசினஸ் இருக்கை கிடைக்காது. ஒரு டிக்கெட்டுக்கு ஓர் இருக்கைக்கு மேல் கொடுக்கவும் கடமையில்லை.

எப்போது, எப்படிக் கேட்பது

புறப்பாட்டுக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். இருக்கையை முன்கூட்டியே ஒதுக்கும் நிறுவனங்கள் இந்த நான்கு வகையினருக்காகச் சில இருக்கைகளை அதுவரை பிறருக்குக் கொடுக்காமல் வைத்திருக்கலாம், அல்லது சில இருக்கைகளை முன்னுரிமை இருக்கை என்று குறித்து, தேவைப்பட்டால் அங்கே இருப்பவரை மாற்றலாம். முதல் முறையைப் பின்பற்றும் நிறுவனத்தில் 24 மணி நேரக் கெடு தாண்டினால் முடிந்தவரைதான் செய்வார்கள்.

செயலியில் அந்த இருக்கைக்குப் பக்கத்தில் டாலர் தொகை காட்டும். பணம் கட்டாதீர்கள். விதிப்படி செய்தாக வேண்டிய வசதிக்குக் கட்டணம் வாங்கக் கூடாது (382.31). செயலிக்கு இது தெரியாது, மனிதரிடம்தான் பேச வேண்டும். நிறுவனத்தின் அணுகல் உதவிப் பிரிவை அழைத்து இருக்கை எண்ணை உறுதிசெய்துகொள்ளுங்கள். வேறு நிறுவனம் டிக்கெட் விற்று இன்னொரு நிறுவனம் விமானத்தை ஓட்டும் கோட்ஷேர் என்றால், ஓட்டும் நிறுவனத்திடமும் அந்தக் குறிப்பு போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள்.

வீல்சேர் கேட்டதும் இருக்கையும் தானாக வரும் என்று எண்ணுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. டிக்கெட்டில் ஏறும் வீல்சேர் குறியீடு மூன்று வகை. டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் படி ஏறுவார், உள்ளே நடப்பார், தூரம் மட்டும் முடியாது. டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படி ஏற முடியாது, உள்ளே நடப்பார். டபிள்யூ.சி.எச்.சி. என்றால் இருக்கைவரை தூக்கிக்கொண்டு போக வேண்டும். இவை விமான நிலைய உதவிக்கான குறியீடுகள். இருக்கை வேண்டுகோள் தனி. மூட்டுவலிக்காக முதல் குறியீட்டில் வீல்சேர் வாங்கிவிட்டு, 34-ஆம் வரிசை நடு இருக்கையில் போய் உட்காருகிறவர்கள் நிறைய.

விமானம் மாறினால் எல்லாமே மாறிவிடும். கடைசி நேரத்தில் வேறு ரக விமானம் வந்தால் கணினி பழைய இருக்கை எண்ணுக்கு நெருக்கமானதைத் தள்ளிவிடும். ஆர்ம்ரெஸ்ட், பல்க்ஹெட் எதையும் பார்க்காது. போர்டிங் பாஸில் எண் மாறியிருந்தால் கேட்டுக்குப் போய் மறுபடி சொல்ல வேண்டும்.

கேட்டில்

ஏற, உட்கார, உதவிக் கருவியை வைக்க நேரமோ உதவியோ வேண்டும் என்று கேட்டில் சொல்பவருக்கு, மற்றவர்களுக்கு முன்னால் ஏற வாய்ப்புத் தர வேண்டும் (382.93). முதலில் ஏறும் இந்தச் சலுகைக்கு அங்கே பெயர் ப்ரீபோர்டிங். இரைச்சலில் அறிவிப்பு காதில் விழவில்லை என்றாலும் நீங்கள் சொன்னால் உரிமை உரிமைதான். போர்டிங் தொடங்குவதற்குப் பத்து நிமிடமாவது முன்பு கவுன்ட்டருக்குப் போய், "ஐ நீட் டு ப்ரீபோர்ட்" என்ற ஒரே வாக்கியம் போதும்.

இருக்கை எண் இல்லாத விமானங்களில் இது இன்னும் முக்கியம். நான்கு வகையினரை மற்ற ப்ரீபோர்டிங் பயணிகளுக்கும் முன்பாக ஏற்ற வேண்டும், பிடித்த இருக்கையை எடுத்துக்கொள்வதற்காக. இந்த முறைக்குப் பேர்போனது சவுத்வெஸ்ட். 1971-இல் பறக்கத் தொடங்கிய அந்த நிறுவனம் 2026 ஜனவரி 27 முதல் இருக்கை எண் கொடுக்கும் முறைக்கு மாறிவிட்டது.

திறந்த இருக்கை முறையில் பணியாளர் மைக்கில் என்ன சொல்கிறார் என்பதை வைத்துத்தான் பயணி முடிவெடுப்பார். "நிறைய இடம் இருக்கிறது, பின்னால் போங்கள்" என்பதால் யாருக்கும் பயனில்லை. "15-ஆம் வரிசைக்கு முன்னால் நடு இருக்கை மட்டும் மிச்சம், 22-க்குப் பின்னால் இருபுறமும் ஜன்னல் இருக்கை காலி" என்றால் கால்வலிக்காரர் நடைபாதையில் தேடித் திண்டாட வேண்டாம். மிச்சம் எத்தனை என்று இருக்கைவாரியாகச் சொல்ல வேண்டும் என்று 382-ஆம் பகுதி கேட்கவில்லை. ஆனால் சொன்னால் அது ஏறுதல் தொடர்பான தகவல். கேட்டிலும் (382.53) விமானத்துக்குள்ளும் (382.119) அந்தத் தகவல் செவித்திறன், பார்வைத்திறன் குறைந்தவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே உடனுக்குடன் போய்ச் சேர வேண்டும். கேட் மாற்றம், தாமதம், இணைப்பு விமானம், பெயர் சொல்லி அழைப்பது எல்லாம் இதில் அடங்கும்.

இங்கேயும் பயணி சொன்னால்தான். செக்-இன்னில் சொன்னது கேட்டுக்குப் போகாது, கேட்டில் சொன்னது விமானத்துக்குள் போகாது. மூன்று இடத்திலும் சொல்ல வேண்டும். காது கேளாதவர் கேட் பணியாளரின் பார்வையில் படும் இடத்தில் உட்கார்ந்து, எழுதிக் காட்டும்படி கேட்பது நல்லது. பார்வையற்றவர் "அங்கே" என்று கை காட்டுவதை ஏற்காமல், கதவிலிருந்து எத்தனாவது வரிசை, எந்தப் பக்கம், எத்தனாவது இருக்கை என்று எண்ணாகக் கேட்டு வாங்க வேண்டும். யுனைடெட் விமான நிறுவனம் 2023-இல் வரிசை எண்களைப் பிரெய்லில் பொறிக்கத் தொடங்கியது. மற்ற இடங்களில் முதுகுச்சாய்வுகளைத் தொட்டு எண்ணுவதுதான் வழி.

ஆங்கிலம் தெரியாதது உடற்குறை ஆகாது. தமிழில் அறிவிப்பு வேண்டும் என்று இந்த விதியை வைத்துக் கேட்க முடியாது.

அவசர வழி வரிசை

கால்வைக்க இடம் அதிகம் என்று இதைக் குறிவைப்பவர்கள் உண்டு. விதி 121.585-இன்படி, கதவைத் திறக்கும் உடல் வலு இல்லாதவர், 15 வயது நிரம்பாதவர், சிறு குழந்தையைக் கவனிக்க வேண்டியவர், அறிவுறுத்தல்கள் கொடுக்கப்படும் மொழியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாதவர் யாரும் அங்கே உட்கார முடியாது. ப்ரீபோர்டிங்கில் முதலில் ஏறினாலும் இதில் விலக்கு இல்லை. தெரியாமல் அங்கே இருக்கை கிடைத்துவிட்டால் மாற்றச் சொல்லுங்கள், காரணம் கேட்கக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது.

குழந்தையும் பெற்றோரும் அடுத்தடுத்து உட்காருவது பற்றி 2024 ஆகஸ்ட்டில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை வெளியிட்டது ஒரு முன்மொழிவு மட்டுமே. அதைக் காட்டி கேட்டில் வாதாட வேண்டாம். வேறொரு விதி கையில் இருக்கிறது: இருக்கைத் தேர்வுக்குப் பணம் கட்டி, நிறுவனமே அந்த இருக்கையைக் கொடுக்கத் தவறினால் அந்தக் கட்டணம் திரும்ப வர வேண்டும். கிரெடிட் கார்டு என்றால் 7 வேலை நாட்களுக்குள்.

மறுத்தால்

கேட்டில் "முடியாது" என்றால் சண்டை போடாமல் "சி.ஆர்.ஓ.வைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லுங்கள். கம்ப்ளெயின்ட்ஸ் ரெசல்யூஷன் அஃபிஷியல் என்ற இந்த அதிகாரியை நேரிலோ தொலைபேசியிலோ கிடைக்கச் செய்வது நிறுவனத்தின் கடமை (382.151). விமானியின் பாதுகாப்பு முடிவைத் தவிர மற்ற பணியாளர்களின் முடிவை மாற்ற இவருக்கு அதிகாரம் உண்டு. இவரை அழைக்கச் சொன்ன மாத்திரத்திலேயே பல பிரச்சினைகள் தீர்ந்துவிடும், ஏனென்றால் அவர் முடிவை எழுத்தில் தர வேண்டும்: விதிமீறல் இருந்ததா இல்லையா, ஏன் என்று.

பிறகு எழுதும் புகார் சம்பவம் நடந்த 45 நாட்களுக்குள் நிறுவனத்துக்குப் போக வேண்டும், 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். விமான எண், தேதி, போர்டிங் பாஸ் படம், முதலில் கேட்ட இருக்கை எண், கிடைத்த இருக்கை எண், யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்ற விவரம், சி.ஆர்.ஓ. கொடுத்த தாள் இருந்தால் அதன் நகல் எல்லாவற்றையும் இணையுங்கள்.