ஸ்டேஜ் பியானோவின் குமிழ்கள்: எதை முதலில் தொடுவது?

புதிதாக ஸ்டேஜ் பியானோ, அதாவது மேடையில் வாசிப்பதற்கான மின்னணு பியானோ, வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் திருகிப் பார்ப்பது எதிரொலியைச் சேர்க்கும் ரிவெர்ப் குமிழைத்தான். திருகிய மறுகணமே ஒலி ஒரு பெரிய மண்டபத்தில் எழுவதுபோல் விரிவதால், அந்த மயக்கம் இயல்பானதே. ஆனால் கருவிக்குள் ஒலி உருவாகும் வரிசையில் ரிவெர்ப் கிட்டத்தட்டக் கடைசியில் வருகிறது. முதலில் சரிசெய்ய வேண்டியது ‘டச்’ அமைப்பு, அதாவது விரலின் வேகத்துக்குக் கருவி எப்படிப் பதிலளிக்க வேண்டும் என்பதற்கான அமைப்பு.

இந்தக் கருவியில் தந்தியும் இல்லை, தந்தியைத் தட்டும் சுத்தியலும் இல்லை. 88 கட்டைகளில் ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டோ மூன்றோ உணரிகள் இருக்கின்றன. கட்டை இறங்கும்போது அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தூண்டப்பட, இடையில் கழியும் நேரத்தைக் கருவி அளக்கிறது. நாம் ‘ஓங்கி அடித்தோம்’ என்று நினைப்பதைக் கருவி அறிவது விரலின் வேகமாகத்தான். விசையை அது அளப்பதே இல்லை. மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 1983இல் வெளிவந்த மிடி முறைப்படி அந்த வேகம் 1 முதல் 127 வரையிலான ஓர் எண்ணாக மாறுகிறது. மென்மையாகவும் நடுத்தரமாகவும் பலமாகவும் வாசித்துத் தனித்தனியே பதிவு செய்யப்பட்ட சாம்பிள்களுள் (உண்மையான கருவியின் ஒலிப்பதிவுகளுள்) எது ஒலிக்க வேண்டும் என்பதை அந்த எண்ணே தீர்மானிக்கிறது.

இதை ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். மாஸ்டர் வால்யூமை நன்றாக ஏற்றிவைத்து நடுக் கட்டை ஒன்றை மெல்ல அழுத்துங்கள். பிறகு வால்யூமை இறக்கிவிட்டு அதே கட்டையை ஓங்கி அடியுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு சத்தமாகக் கேட்டாலும், முதலாவது மழுங்கலாகவும் இரண்டாவது உலோகச் சாயலோடு பளிச்சென்றும் இருக்கும். வால்யூம் குமிழ் அளவை மட்டுமே மாற்றுகிறது. ஒலியின் நிறத்தை, அதாவது அதன் சாயலை, மாற்றுவது வேகம். ‘என் பியானோ மந்தமாக ஒலிக்கிறது’ என்று ஈகுவலைசரை (தாழ்ந்த, நடு, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் குமிழ்களை) திருகிக்கொண்டிருப்பவருக்குப் பல நேரங்களில் தேவைப்படுவது, அவருடைய விரலுக்கு ஏற்ற டச் அமைப்புத்தான்.

அடுத்து, பகுதிகளின் அளவு. யமஹா 2019இல் வெளியிட்ட சிபி88இல் பியானோ, எலெக்ட்ரிக் பியானோ, சப் (துணை ஒலிகள்) என மூன்று பகுதிகள் தனித்தனிக் குமிழ்களோடு இருக்கின்றன. பியானோவின் அடியில் வயலின் கூட்டொலியைச் சேர்க்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: பியானோவின் ஒலி அடித்த நொடியிலிருந்தே தேய்கிறது, வயலின் ஒலியோ கட்டையைப் பிடித்திருக்கும் வரை அப்படியே நிற்கிறது. தொடக்கத்தில் சமமாகத் தோன்றுவது இரண்டு நொடியில் பியானோவை மூடிவிடும் என்பதால், வயலினின் அளவைக் காதுக்குச் சரியெனத் தோன்றுவதைவிடக் குறைவாகவே வைப்பது நல்லது.

ஈகுவலைசரில் பொதுவாகக் கூட்டுவதைவிடக் குறைப்பதே பலன் தரும். பியானோவின் கடைசி இடக்கட்டை 27.5 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். இரண்டு கருவிகளும் ஒரே மேடையில் இருந்தால் கீழ்ப்பகுதி குழம்பிவிடும். தாழ்ந்த ஒலிகளுக்கான ‘லோ’ குமிழைச் சற்று இறக்கினாலே இடது கை தெளிவாகும்.

ரிவெர்ப்பை ஹெட்போனில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். மண்டபத்துக்கு ஏற்கெனவே அதற்கான எதிரொலி உண்டு. அதன்மேல் இன்னொரு மண்டபத்தை ஏற்றினால் ஒவ்வொரு சுரத்தின் தெளிவும் கரைந்துவிடும்.

கடைசியாகக் கேபிள். பியானோ சாம்பிள்கள் பெரும்பாலும் இரண்டு மைக்குகள் கொண்டு ஸ்டீரியோவாக, அதாவது இடம், வலம் என இரண்டு தடங்களாக, பதியப்பட்டவை. ஒரே ஒலி இரு மைக்குகளையும் சற்றே வேறு நேரங்களில் அடைவதால், மிக்ஸரில் இரண்டையும் ஒன்றாகக் கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, வீட்டில் செழுமையாகக் கேட்ட பியானோ மேடையில் மெலிந்துபோகிறது. ஒற்றை ஸ்பீக்கர்தான் என்றால் ‘எல்/மோனோ’ என்று குறிக்கப்பட்ட துளையில் மட்டும் கேபிளைச் செருகி, மோனோவுக்கென்றே (ஒற்றைத் தடத்துக்கென்றே) தயாரித்த பியானோ ஒலி கருவியில் இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள்.