டேப் தட்டினால் கோப்புப் பெயர்தான் வருகிறதா?

நிரல்களின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி கிட். டெர்மினலில் ‘கிட் செக்கவுட் ஃபீ’ என்று அடித்து டேப் விசையைத் தட்டினால், ‘ஃபீச்சர்’ என்று தொடங்கும் பிராஞ்சுகள் (நிரலின் தனித்தனிக் கிளைகள்) வரிசையாக வர வேண்டும். சில கணினிகளில் அந்த ஃபோல்டரில் கிடக்கும் கோப்புகளின் பெயர்தான் வரும். உடனே கிட்டையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் வீண் வேலை. நீங்கள் டேப் தட்டுவது கிட்டுக்குத் தெரியவே தெரியாது. அதைக் கவனிப்பது ஷெல், அதாவது டெர்மினலில் அடிக்கும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்.

பேஷ் ஷெல்லில் டேப் விழுந்ததும், வரியின் முதல் சொல்லுக்கென்று ஒரு ஃபங்ஷன் (சிறு நிரல் துண்டு) பதிவாகியிருக்கிறதா என்று தேடப்படும். இருந்தால், அதுவரை அடித்த சொற்களை ஒரு பட்டியலாகவும், கர்சர் எத்தனையாவது சொல்லில் நிற்கிறது என்பதை ஓர் எண்ணாகவும் பேஷ் அதனிடம் கொடுக்கும். ஃபங்ஷன் பொருத்தமான பெயர்களை ‘காம்ப்ரிப்ளை’ என்ற மாறியில் நிரப்பித் திருப்பித் தரும். 2000-இல் வந்த பேஷ் 2.04 முதல் இதுதான் ஏற்பாடு.

கிட்டுக்கு இந்த ஃபங்ஷனைத் தரும் கம்ப்ளீஷன் (டேப் தட்டினால் பெயரை நிரப்பும்) ஸ்க்ரிப்டை 2006-இல் எழுதத் தொடங்கியவர் ஷான் பியர்ஸ். பிராஞ்ச் பெயர்கள் எதையும் அது சேமித்து வைப்பதில்லை. ஒவ்வொரு டேப்புக்கும் பின்னணியில் கிட்டைக் கூப்பிட்டுக் கேட்கிறது. ஆகவே ஒரு நொடி முன்பு உருவாக்கிய பிராஞ்சும் தெரியும். ஆப்ஷன்கள் (கட்டளையோடு சேர்த்து அடிக்கும் தெரிவுகள்) கதை வேறு. 2018 முதல் அவற்றையும் கிட்டிடமே கேட்கிறது என்றாலும், ஒருமுறை கிடைத்த பதிலை அந்த ஷெல்லை மூடும்வரை நினைவில் வைத்துக்கொள்கிறது. கிட்டைப் புதுப்பித்த பிறகும் ஏற்கெனவே திறந்திருந்த டெர்மினலில் புது ஆப்ஷன்கள் தலைகாட்டாமல் இருப்பது இதனால்தான்.

கோப்புப் பெயர்கள் வந்தால் முதலில் பதிவைத்தான் சந்தேகிக்க வேண்டும். ‘கம்ப்ளீட் -பி கிட்’ என்று கேட்டால் பதிவு இருக்கிறதா என்று பேஷ் சொல்லிவிடும். இதில் ஒரு பொறி உண்டு. உபுண்டு போன்றவற்றில் உள்ள பேஷ்-கம்ப்ளீஷன் தொகுப்பு, ஸ்க்ரிப்டுகளை முன்கூட்டியே ஏற்றுவதில்லை. முதல் டேப்பின்போதுதான் தேடி எடுக்கும். எல்லாம் சரியாக இருந்தாலும், புதிதாகத் திறந்த டெர்மினலில் இப்படிக் கேட்டால் ‘பதிவு இல்லை’ என்றே பதில் வரும். ‘கிட்’ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, டேப் தட்டிய பிறகு கேளுங்கள். அப்போதும் இல்லை என்றால்தான் தொகுப்பு நிறுவப்படவில்லை, அல்லது பேஷ்ஆர்சி கோப்பு (பேஷ் திறக்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பு) அதை அழைக்கவில்லை என்று அர்த்தம். சிக்கனமாகக் கட்டிய டாக்கர் இமேஜ்களில் (மென்பொருளைத் தேவையானவற்றோடு அடைத்த பொதிகளில்) இந்தத் தொகுப்பு பெரும்பாலும் இருக்காது.

அதே சோம்பேறி ஏற்றம் இன்னொரு இடத்திலும் காலை வாரும். ‘கிட்’ என்பதைச் சுருக்கி ‘ஜி’ என்று ஏலியாஸ் வைத்திருப்பவர்களுக்குப் பல கணினிகளில் டேப் உதவாது, பதிவு ‘கிட்’ என்ற பெயரில் மட்டும் இருப்பதால். ஸ்க்ரிப்டுக்குள்ளேயே ‘கிட்_கம்ப்ளீட்’ என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது (முன்னால் இரண்டு அடிக்கோடு போட வேண்டும்). அதற்கு ‘ஜி’, ‘கிட்’ இரண்டையும் கொடுத்து பேஷ்ஆர்சியில் ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் அந்த வரி ஓடும் நேரத்தில் ஸ்க்ரிப்ட் இன்னும் ஏறியிருக்காது. ‘அப்படி ஒரு கட்டளையே இல்லை’ என்று பிழை வரும். அதற்கு முந்தைய வரியிலேயே ஸ்க்ரிப்ட் கோப்பை ‘சோர்ஸ்’ கட்டளையால் ஏற்றிவிட வேண்டும்.

கிட்டின் அமைப்புக் கோப்பான கான்ஃபிக்கிலேயே ஷெல் ஃபங்ஷனாக எழுதிய ஏலியாஸ்களுக்கு இன்னும் அழகான ஒரு வழி உண்டு. பலருக்குத் தெரியாதது பாவம். ஃபங்ஷனின் முதல் கட்டளையாக ஒரு முக்காற்புள்ளி போட்டு, அதன்பின் ‘கிட் செக்கவுட்’ என்று எழுதி அரைப்புள்ளியால் முடியுங்கள். ஷெல்லுக்கு முக்காற்புள்ளி என்றால் ‘ஒன்றும் செய்யாதே’. கம்ப்ளீஷன் ஸ்க்ரிப்ட் மட்டும் அதை வாசித்து, செக்கவுட்டுக்குரிய பிராஞ்ச் பெயர்களையே உங்கள் ஏலியாஸுக்கும் காட்டும்.

மேக் பயன்படுத்துவோருக்கு இவற்றில் பாதி பொருந்தாது. 2019-இல் வந்த கேட்டலினா முதல் அங்கே இயல்பான ஷெல் இசட்-ஷெல். அது தன் கம்ப்ளீஷன் விவரங்களை ஹோம் ஃபோல்டரில் ‘இசட்கம்ப்டம்ப்’ என்ற மறைவான கோப்பில் எழுதி வைக்கிறது. அது பழையதாகிவிட்டதா என்று பார்க்கும்போது, கம்ப்ளீஷன் கோப்புகளின் எண்ணிக்கையைத்தான் முக்கியமாக ஒப்பிடுகிறது. உள்ளே என்ன மாறியது என்று பார்ப்பதில்லை. எண்ணிக்கை மாறாமல் உள்ளடக்கம் மட்டும் மாறினால் பழைய தகவலே ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கோப்பை நீக்கிவிட்டு டெர்மினலைப் புதிதாகத் திறந்தால், ஷெல் அதை மறுபடி எழுதிக்கொள்ளும்.