கூறெடுப்பு மாறுபாடு: அது பிழை அல்ல

புள்ளியியலில் சாம்ப்ளிங் வேரியபிலிட்டி என்பதை 'மாதிரிப் பிழை' என்று எழுதும் வழக்கம் சென்னையில் பயிற்சி மையக் குறிப்புகள் தொடங்கி தேர்தல் கருத்துக்கணிப்புச் செய்தி வரை ஊறிவிட்டது. இரண்டு சொல்லுமே இடறுகின்றன.

பொருள் எளியது. ஒரே முழுமைத் தொகுதியிலிருந்து, அதாவது ஆய்வுக்குரிய மொத்தத்திலிருந்து, ஒரே முறையில் திரும்பத் திரும்பக் கூறெடுத்தால் (ஒரு சிறு பகுதியை எடுத்துப் பார்த்தால்) சராசரி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முன்பின் வரும். அந்த ஏற்ற இறக்கம்தான் இது. சாம்பிள் என்பது எடுத்துக்காட்டைக் குறிக்கும் லத்தீன் எக்ஸெம்ப்ளும் வழி வந்தது. அதற்கு 'மாதிரி' பொருந்தும்தான். ஆனால் 'மாதிரி வினாத்தாள்', 'அவன் மாதிரி' என்று அதற்கு ஏற்கெனவே ஏகப்பட்ட வேலை. 'கூறு' தெளிவானது. காசிமேட்டில் ஒரே கூடைச் சங்கராவைக் கூறு போட்டால் ஒன்றில் பெரிய மீன் கூடுதலாக விழும், பக்கத்துக் கூறில் பொடியாக இருக்கும். கூறு போட்டவர் தப்பு செய்யவில்லை.

'பிழை'தான் பெரிய கேடு. பிழை என்று நாம் பெயர்க்கும் ஆங்கில எரர், லத்தீனில் அலைதலிலிருந்து வந்தது. தமிழில் பிழை என்றால் குற்றம். 1,000 பேரிடம் எடுத்த கணிப்பில் 'பிழை 3 சதவீதம்' என்று படிப்பவர், 30 பேரின் பதிலைத் தப்பாகக் குறித்துவிட்டார்கள் என்றுதானே நினைப்பார்? வங்காளத்தில் பயிர்ப்பரப்பை மதிப்பிட்ட புள்ளியியலாளர் மகலனோபிஸ், ஒரே பகுதியில் தனித்தனிக் கூறுகளை வெவ்வேறு ஆட்களிடம் கொடுத்து அளக்கச் சொன்னார். விடைகளின் வித்தியாசம் தற்செயலால் வரக்கூடியதைத் தாண்டினால் அளந்தவர்மேல் சந்தேகம் விழும். தற்செயல் வித்தியாசம், அளந்தவரின் தப்பு இரண்டையும் பிழை என்றே அழைத்தால் அவர் பிரித்துக் காட்டியதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஓர் ஊகம் தரவோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கருதுகோள் சோதனையில் குழப்பம் இன்னும் முற்றுகிறது. நாணயத்தை 100 முறை சுண்டி 58 தலை விழுந்தால் நாணயம் கோணல் என்று சொல்லிவிட முடியாது. கோணல் இல்லாத நாணயத்திலும் 40 முதல் 60 வரை வருவது சகஜம். 65 வந்தால் பேச்சு வேறு. அப்புறம், கோணல் இல்லாததைக் கோணல் என்று தீர்ப்பது முதல்வகைப் பிழை, கோணலைக் கண்டுபிடிக்காமல் விடுவது இரண்டாம்வகைப் பிழை. இவைதான் நிஜமான பிழைகள். அந்தச் சொல்லை இவற்றுக்கு விட்டுவைக்க வேண்டாமா?

'கூறெடுப்பு மாறுபாடு' என்றே எழுதலாம். மாறுபாட்டுக் கெழுவைப் படித்த பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இது புரியும். அகராதியைப் புரட்டி முதலில் கிடைத்த சொல்லை ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு கணக்கையாவது போட்டுப் பார்த்துவிட்டு எழுதட்டும். ஸ்டாண்டர்ட் எரருக்கு 'திட்டப்பிழை' வேரூன்றிவிட்டது, சரி, இருக்கட்டும். ஆனால் அது கூறுகளின் சராசரிகளுக்குள்ள திட்டவிலக்கம்தான் என்று பக்கத்திலேயே ஒரு வரி சேர்த்து அச்சிட வேண்டும்.