பொய் வழக்கு முடிந்துவிட்டதா? நஷ்டஈடு கேட்க ஓராண்டுதான் கெடு

எழும்பூரிலோ சைதாப்பேட்டையிலோ வருடக்கணக்காக வாய்தாவுக்கு அலைந்தவருக்கு ஒருநாள் விடுதலை உத்தரவு வந்தால், முதலில் தோன்றுவது ‘இனி கோர்ட் வாசலையே மிதிக்கக் கூடாது’ என்பதுதான். கேஸ் கட்டு பரணுக்குப் போய்விடும். அந்த அலுப்பு நியாயமானது. ஆனால், அந்த அலுப்பிலேயே பலருடைய நஷ்டஈட்டு உரிமை காலாவதியாகிறது. இதைச் சொல்ல ஆளில்லாமல் போகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

தீய நோக்கத்தோடு குற்ற வழக்கில் சிக்கவைத்தவர்மீது சிவில் வழக்குப் போட்டு இழப்பீடு கேட்கலாம். அவர் போலீஸ் அதிகாரியாக இருந்தாலும் சரி, வேறு துறை அலுவலராக இருந்தாலும் சரி. இதற்கான கெடு 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில், 74ஆவது இனத்தில் இருக்கிறது. விடுதலையான நாளிலிருந்தோ, வழக்கு வேறு வகையில் முடிந்த நாளிலிருந்தோ ஓராண்டு. சட்டவிரோதக் காவலுக்குத் தனியாக இழப்பீடு கேட்பதென்றால் கெடு இன்னும் முன்னதாகத் தொடங்கும்: காவல் முடிந்த நாளிலிருந்து ஓராண்டு. தீர்ப்பு நகலுக்கு மனுப்போட்டுக் காத்திருக்கும் நாட்களை மேல்முறையீட்டுக்கான கெடுவிலிருந்துதான் கழிப்பார்கள், இப்படிப்பட்ட புது வழக்கின் கெடுவிலிருந்து கழிக்க மாட்டார்கள். அரசு அப்பீல் போயிருக்கிறதே என்று காத்திருப்பதும் ஆபத்து.

அரசு அலுவலர் பதவியின் பேரில் செய்த காரியத்துக்காக அவர்மீது வழக்குப் போடும் முன், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80ஆவது பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸ் தர வேண்டும். அலுவலருக்கு அவருடைய அலுவலகத்தில் கொடுக்கலாம். மாநில அரசையும் சேர்ப்பதென்றால் அரசுச் செயலாளருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ தனியாக ஒன்று போக வேண்டும். உங்கள் பெயர், முகவரி, நடந்தது என்ன, கேட்கும் நிவாரணம் என்ன என்ற எல்லாம் அதில் இருக்க வேண்டும். இந்த இரண்டு மாதம் கெடுக்கணக்கில் சேராது. 2025 மார்ச் 10 அன்று விடுதலை என்றால் 2026 மார்ச் 10 வரை கெடு. அதற்குள் முறையாக நோட்டீஸ் கொடுத்திருந்தால் மேலும் இரண்டு மாதம் கிடைக்கும். நோட்டீஸை அனுப்பிய ரசீதையும் ஒப்புகை அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். நோட்டீஸ் தரவில்லை என்ற ஒரே காரணத்துக்காகவே வழக்கு அடிபடலாம்.

அலுவலர்மீது வழக்குப் போட அரசின் அனுமதி வேண்டாமா என்று கேட்பார்கள். அந்த முன் அனுமதி அவர்மீது குற்ற வழக்கு நடத்துவதற்கானது. இழப்பீடு கேட்கும் சிவில் வழக்குக்கு அது தேவையில்லை.

இனிதான் கடினமான பகுதி. விடுதலையாகிவிட்டோம், ஆகவே வழக்குப் பொய் என்று சிவில் நீதிமன்றம் தானாக ஏற்றுக்கொள்ளாது. எதிராளிதான் வழக்கைத் தொடுத்தார் அல்லது முன்னின்று நடத்தினார், அது உங்களுக்குச் சாதகமாக முடிந்தது, வழக்குத் தொடர நியாயமான காரணம் இருக்கவில்லை, தீய நோக்கம் இருந்தது, உங்களுக்கு இழப்பு ஏற்பட்டது என்று ஐந்தையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். விசாரணையில் அசட்டையாக இருந்தார் என்பது மட்டும் தீய நோக்கம் ஆகாது. சந்தேகத்தின் பலனில் விடுதலை என்றாலும் வழக்குப் போடலாம். ஆனால் நிரூபிக்கும் பாரம் கூடும். சமரசத்தில் முடித்துக்கொண்டவர்களுக்கு நிலை பலவீனம். உயர் நீதிமன்றம் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யும்போது ‘உள்நோக்கத்தோடு போடப்பட்டது’ என்று எழுதியிருந்தால், அந்த வரி உங்கள் கையில் பெரிய ஆயுதம்.

புகாரைப் போலீஸே ‘மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்’ (உண்மைக்கு மாறான புகார்) என்று முடித்திருந்தால், வழக்கு கைவிடப்பட்டதைச் சொல்லிப் புகார்தாரருக்குப் போன ஆர்.சி.எஸ். நோட்டீஸ், மாஜிஸ்திரேட்டிடம் தாக்கலான இறுதி அறிக்கை இரண்டின் நகலையும் உடனே கேளுங்கள். எஃப்.ஐ.ஆரில் சம்பவ நேரமும் தகவல் கிடைத்த நேரமும் தனித்தனியாக இருக்கும். அது நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்த நேரம் மாஜிஸ்திரேட்டின் கையெழுத்தோடு இருக்கும். அந்த இடைவெளி பல நேரம் வாய்ச் சாட்சியைவிட அதிகம் பேசும். இழப்புக்கும் காகிதம் வேண்டும். சஸ்பெண்ட் உத்தரவு, சம்பளச் சான்று, ஜாமீன் செலவு. வக்கீல் ஃபீஸைக் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது வாங்காதவர்களே அதிகம். அடுத்த தவணையையாவது வங்கி வழியாகக் கொடுங்கள்.

சென்னையில் இந்த வழக்கு உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள நகர உரிமையியல் நீதிமன்றத்தில் தொடங்கும். பெருந்தொகை கேட்டால் உயர் நீதிமன்றத்தின் அசல் வழக்குப் பிரிவு. தமிழ்நாட்டில் 2017 முதல் நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம்; முன்பு 7.5 சதவீதமாக இருந்தது. பத்து லட்சம் கேட்டால் முப்பதாயிரம் கட்ட வேண்டும். அதற்கும் வழியில்லாதவர் வறியவர் வழக்காகப் பதியச் சொல்லி மனுச் செய்யலாம்.

அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் ரிட் மனு இன்னொரு வழி. வாழ்வுரிமை அப்பட்டமாக மீறப்பட்டால் உயர் நீதிமன்றமே இழப்பீடு தரலாம் என்பது உச்ச நீதிமன்றத்தின் 1983ஆம் ஆண்டு ருதுல் ஷா தீர்ப்பிலிருந்து நிலைத்த சட்டம். உளவு வழக்கில் சிக்கவைக்கப்பட்ட இஸ்ரோ விஞ்ஞானி, நாகர்கோவில்காரரான நம்பி நாராயணனுக்கு உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் 50 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. சிவில் வழக்கில் மேற்கொண்டு கேட்க அது தடையில்லை என்றும் சொன்னது. பின்னர் கேரள அரசு 1.3 கோடி கொடுத்தது. அவர் கைதானது 1994இல். குற்றச்சாட்டில் உண்மையில்லை என்று சி.பி.ஐ. சொன்னது 1996இல். நாடறிந்த விஞ்ஞானிக்கே இத்தனை ஆண்டு பிடித்தது என்றால் சாதாரணக் குடும்பத்தின் கதி என்ன? இழப்பீட்டைச் சட்டப்பூர்வ உரிமையாக்கித் தனி நீதிமன்றங்கள் அமைக்கச் சொல்லி அதே 2018இல் சட்ட ஆணையம் 277ஆவது அறிக்கையைத் தந்தது. அது சட்டமாகியிருந்தால் இத்தனை சுமையும் பாதிக்கப்பட்டவர் தலையில் விழாது.

செலவில்லாத வழி, மாநில மனித உரிமை ஆணையம். அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021இல் தீர்ப்பளித்தது. ஆனால் அங்கே ஓராண்டுக் கெடு உரிமை மீறல் நடந்த நாளிலிருந்தே தொடங்கும், விடுதலை வரை காத்திருக்காது. ஆகவே கைதின்போது அடியோ அத்துமீறலோ நடந்திருந்தால், வழக்கு நிலுவையில் இருக்கும்போதே அங்கே புகார் கொடுத்துவிடுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.