தண்ணீர் போகிற வழியை முதலில் பேசுவோம்

குளியலறையை மாற்றிக் கட்ட வேண்டும் என்று கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். மேலிருந்து மழை மாதிரி கொட்டுகிற அகலமான ஷவர், கண்ணாடித் தடுப்பு, சுவர் முழுக்கப் பெரிய பெரிய டைல்ஸ். படம் நன்றாகத்தான் இருக்கும். நான் பார்த்துவிட்டு, "ஒரு பக்கெட் தண்ணீர் கிடைக்குமா?" என்று கேட்பேன்.

அதைப் பழைய தரையில், டிராப்பிலிருந்து, அதாவது அடியில் வளைவோடு இருக்கிற தரை வடிகால் வாயிலிருந்து, தள்ளியிருக்கிற மூலையில் ஊற்றிவிட்டு சும்மா நின்று பார்ப்பேன். எங்கே தேங்குகிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது, வடியும்போது குளுக் குளுக் என்று சத்தம் வருகிறதா. அந்தச் சத்தத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. டிராப்பின் வளைவுக்குள் சுமார் 50 மில்லிமீட்டர் உயரத்துக்கு எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும், கழிவுக் குழாயின் நாற்றம் மேலே வராமல் தடுப்பது அதுதான். லைனில் காற்றுக் குழாய் சரியாக இல்லாவிட்டால், வேகமாக இறங்குகிற தண்ணீர் அந்த வளைவில் நிற்பதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். அப்புறம் வீடு முழுக்க வாடை, வாசனைத் திரவியம் எத்தனை வாங்கி வைத்தாலும் போகாது. விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கிற குளியலறை நாறுவதற்குக் காரணம் இன்னும் எளிது: அந்தத் தண்ணீர் காய்ந்துபோயிருக்கும், வாரத்துக்கு ஒரு குவளை ஊற்றினால் சரியாகிவிடும்.

அடுத்தது வாட்டம். அடிக்கு 2 நூல், அதாவது கால் அங்குலம் இறக்கம் வேண்டும். டிராப் 5 அடி தள்ளி இருந்தால் கணக்குப்படி ஒன்றேகால் அங்குலம். கேட்பதற்குச் சுலபம், ஆனால் இதை டைல்ஸ் ஒட்டும்போது பசையைக் கூட்டிக் குறைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிற இடத்தில்தான் தப்பு ஆரம்பமாகிறது. வாட்டத்தை அடியில் போடுகிற காரையிலேயே கொண்டுவந்துவிட வேண்டும், அதுவும் நூல் கட்டி, ரசமட்டம் வைத்து. பெரிய டைல்ஸ் கேட்கிறவர்களுக்கு இன்னொரு விஷயம்: நாலு பக்கமிருந்தும் நடுவிலுள்ள ஒரு துளைக்கு இறக்கம் கொடுக்க வேண்டுமென்றால் அந்தப் பெரிய கல்லைக் குறுக்கே வெட்டாமல் முடியாது, வெட்டினால் படத்தில் பார்த்த அழகு இருக்காது. சுவரோரம் நீளமாக ஒரு சேனல் டிராப் வைத்தால் ஒரே பக்க இறக்கம் போதும், பெரிய டைல்ஸும் முழுசாக உட்காரும். இதை முதல் நாளே முடிவு செய்தால்தான் உண்டு, கல் வந்து இறங்கிய பிறகு பேசிப் பயனில்லை.

ஒரு வீட்டு ஒழுகலைச் சொல்கிறேன். வேறு ஆட்கள் புதுப்பித்துக் கொடுத்த குளியலறை, மூன்றாவது மாதம் கீழ்வீட்டுப் படுக்கையறைக் கூரையில் தட்டளவுக்கு ஓதம். அவர்களும் டைல்ஸ் இடுக்குகளை இரண்டு முறை சுரண்டி எடுத்துப் புதிதாக க்ரௌட் போட்டுவிட்டார்கள், ஒழுகல் நிற்கவில்லை. நான் டிராப் வாயை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் தண்ணீர் கோட்டுக்குக் கீழே கட்டைவிரல் அகலம் இறங்கியிருந்தது. டிராப்பை ஒட்டியிருந்த டைலைப் பெயர்த்தோம். அடியில் மணல் கறுத்துப்போய், கையில் எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் வழிகிற அளவுக்கு ஊறிக் கிடந்தது. தரை முழுக்க நீர்த்தடுப்புப் பூச்சு ஒழுங்காகத்தான் அடித்திருந்தார்கள், ஆனால் டிராப் குழாயைச் சுற்றி ஒரு விரல் இடைவெளியை வெறும் சிமெண்டால் அடைத்துவிட்டு அதோடு விட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் குழாயும் சிமெண்டும் என்றைக்கும் ஒட்டி உறவாடாது. வெந்நீர் போனால் குழாய் விரியும், ஆறினால் சுருங்கும், கொஞ்ச நாளில் மயிரிழை அளவுக்கு வழி விழுந்துவிடும். தண்ணீருக்கு அது போதும்.

டைல்ஸ் போட்டாச்சு, இனி தண்ணீர் இறங்காது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். டைலில் இறங்காது, சரி. இடுக்கில் போடுகிற சாதாரண சிமெண்ட் க்ரௌட்டில் இறங்கத்தான் செய்யும். தடுப்பது அடியில் இருக்கிற பூச்சுதான். அதற்கு முதலில் சுவரும் தரையும் சேர்கிற மூலைகளைக் கலவை வைத்து வளைவாக உருட்டிவிட வேண்டும், குழாய் வாய்களைச் சுற்றி வலைத்துணி வைக்க வேண்டும், அப்புறம் ஒரு கோட் நெடுக, அது காய்ந்தபின் இன்னொரு கோட் குறுக்க. சுவரில் ஓரடி உயரம் வரைக்கும், ஷவர் விழுகிற சுவரில் ஆறடி வரைக்கும். முடிந்ததும் தண்ணீரைக் கட்டி 24 மணி நேரமாவது விட்டுப் பாருங்கள். மேஸ்திரி அவசரப்படுவார், அடுத்த வேலை காத்திருக்கிறது என்பார். அந்த ஒரு நாளை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பிறகு கண்ணாடித் தடுப்பு வைக்க வருகிறவர் தரையில் துளை போட்டு இதே பூச்சைப் பொத்தலாக்கிவிட்டுப் போவதும் உண்டு, தரையில் துளையிடாமல் ஒட்டி நிறுத்துகிற முறை இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள்.

இப்போது ஷவருக்கு வருவோம். 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிற தண்ணீர் கொடுப்பது சுமார் 1 பார் அழுத்தம். மேல்தளத்துக் குளியலறையில் தொட்டிக்கும் ஷவருக்கும் 3 மீட்டர்தான் வித்தியாசம் என்றால் 0.3 பார்தான் கிடைக்கும். அதில் அகலமான மழை ஷவரை மாட்டினால் மழை பெய்யாது, நூல் நூலாக ஒழுகும். குறைந்தபட்சம் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று ஷவரோடு வருகிற தாளில் பெரும்பாலும் போட்டிருக்கும், வாங்கும்முன் அதைப் படித்துவிடுங்கள். பம்ப் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெந்நீர், குளிர்நீர் இரண்டு லைனுக்கும் ஒரே அழுத்தம் போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தள்ளினால் வலுவான பக்கம் மற்றதை அமுக்கிவிடும், தலையில் சோப்போடு நிற்கும்போது திடீரென்று பச்சைத் தண்ணீரோ கொதிநீரோ விழும்.

அழுத்தம் வந்துவிட்டால் பிரச்சினை கீழே இறங்கிவிடும். ஷவர் நிமிடத்துக்கு 15 லிட்டர் கொட்டுகிறது, தலைமுடியும் சோப்பும் படிந்த பழைய வடிகுழாய் 10 லிட்டர்தான் இழுக்கிறது என்றால் பத்து நிமிடக் குளியலில் 50 லிட்டர் காலடியில் நிற்கும், அப்புறம் வாசற்படியைத் தாண்டும். ஷவரை வாங்கும் முன்பே இதைப் பார்த்துவிடலாம். 10 லிட்டர் பக்கெட்டை 40 வினாடியில் காலியாகிற வேகத்தில் டிராப்பில் ஊற்றுங்கள், அதுதான் நிமிடத்துக்கு 15 லிட்டர். விடாமல் நாலைந்து பக்கெட் ஊற்றியும் தேங்கவில்லையென்றால் தைரியமாக வாங்கலாம்.

வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடுகிற டைவர்ட்டர் சுவருக்குள் புதையும், அதில் எல்லாரும் சறுக்குவது ஆழத்தில். அதன் உடம்பிலோ பிளாஸ்டிக் மூடியிலோ இவ்வளவுக்கு மேல் உள்ளே போகக்கூடாது, இவ்வளவுக்கு மேல் வெளியே நிற்கக்கூடாது என்று குறி இருக்கும். அந்தக் கணக்கு பூச்சு, பசை, டைல்ஸ் எல்லாம் சேர்ந்த பிறகு வருகிற முகத்துக்கு. நான் டைவர்ட்டர் பதிக்கிற அன்றைக்கு டைல் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் அளப்பேன். வெந்நீர் இடது பக்கம். மூடும் முன் குழாய்களில் பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி, அழுத்தம் காட்டுகிற முள் சில மணி நேரம் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியே அளவு நாடாவைச் சுவரில் பிடித்து ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். துண்டு போடுகிற கம்பிக்காக டிரில் போட்டு, நேராக வெந்நீர்க் குழாயில் இறக்கின வீட்டுக்கு ஒருமுறை இரவு பத்து மணிக்குப் போயிருக்கிறேன். படம் இருந்திருந்தால் நானும் தூங்கியிருப்பேன், அவர்களும் தூங்கியிருப்பார்கள்.

வேலை நடக்கிற நாட்களில் கலவைச் சட்டியையும் கரண்டியையும் எங்கே கழுவுகிறார்கள் என்று கவனியுங்கள். நேரே அந்தப் புது டிராப்பில்தான். சிமெண்ட் தண்ணீர் வளைவில் போய்ப் படிந்து கல்லாகிவிடும், அதை எந்தக் கம்பியும் குத்தி எடுக்காது, தரையை உடைக்க வேண்டியதுதான். முதல் நாளே டிராப் வாயில் மூடி போட்டு டேப்பால் இறுக்கச் சுற்றிவிடச் சொல்லுங்கள், கழுவுவதற்கு வெளியே ஒரு பழைய டிரம் வைத்துவிடுங்கள்.

கடைசித் தொகையைக் கொடுக்கும் முன் அதே பக்கெட்டை எடுத்து அதே தூர மூலையில் ஊற்றுங்கள். பிளம்பரும் மேஸ்திரியும் கூட நிற்கட்டும்.