தலைப்பு இருக்கிறது, கேள்வி எங்கே?

கட்டுரையைக் கொடுக்க நான்கே நாள் இருக்கும்போது ஒரு மாணவி நூலகத்தில் என் மேசைக்கு வந்தார். லேப்டாப்பில் ஒரு ஃபோல்டர், உள்ளே அறுபதுக்கும் மேல் பிடிஎஃப். பாதியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

“தலைப்பு என்னம்மா?”

“சமூக ஊடகமும் இளைஞர்களும், சார்.”

“சரி, அதில் என்ன சொல்லப் போறீங்க?”

“அதைத்தான் சார் தேடிக்கிட்டு இருக்கேன்.”

ஒவ்வொரு பருவத்திலும் இதே பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

“முதலில் எல்லாவற்றையும் படித்துவிடலாம், என்ன எழுதுவது என்பது தானாக வரும்” என்று யார்தான் இவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்களோ! வராது. கேள்வி இல்லாமல் படிக்க உட்கார்ந்தால் எல்லாக் கட்டுரையும் வேண்டியதாகவே தெரியும். எதையும் ஒதுக்க மனம் வராது. இறக்கிவைத்த பிடிஎஃப்களின் எண்ணிக்கையைப் பார்த்து வேலை நடப்பதாக நினைத்துக்கொள்வீர்கள். தேதி மட்டும் நெருங்கும்.

“சமூக ஊடகமும் இளைஞர்களும்” என்பது ஒரு நூலக அலமாரிக்கு எழுதி ஒட்டவேண்டிய பெயர். எந்த இளைஞர்கள்? பள்ளி மாணவர்களா, வேலைக்குப் போகிறவர்களா? அவர்களுடைய படிப்பா, தூக்கமா, செலவா, அரசியலா? இப்படிக் கேட்டுக்கொண்டே போய், “படுக்கைக்குப் போன பிறகு போன் பார்ப்பது, கல்லூரி முதலாண்டு மாணவர்களின் தூக்கத்தை எந்த அளவுக்குக் குறைக்கிறது?” என்ற இடத்துக்கு வந்தோம். தேர்தல் பிரச்சாரம், விளம்பரம், இணையக் கேலி பற்றியவை எல்லாம் அந்த நிமிடமே ஃபோல்டரைவிட்டு வெளியே போயின. தேடவேண்டிய சொற்களும் கிடைத்துவிட்டன: தூங்கும் நேரம், படுக்கையில் போன், முதலாண்டு மாணவர். நல்ல கேள்வி பாதித் தேடலை முடித்துக் கொடுத்துவிடும்.

அதற்காக ஒன்றுமே படிக்காமல் கேள்வி போடுங்கள் என்று சொல்லவில்லை. பாடநூலில் ஓர் அத்தியாயம், முடிந்தால் அந்தத் துறையின் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் ஒரு மதிப்பாய்வுக் கட்டுரை, ஆரம்பத்துக்கு அவ்வளவு போதும். விக்கிப்பீடியாவையும் தாராளமாகப் பாருங்கள். மேற்கோள் காட்டத்தான் கூடாது. அதன் அடியில் இருக்கும் சான்றுப் பட்டியல்தான் உங்களுக்கு வேண்டியது. படிக்கப் படிக்கக் கேள்வி கொஞ்சம் மாறும், மாறட்டும்.

அளவையும் யோசியுங்கள். 3000 சொல்லில் கட்டுரை கேட்டால், அது இரட்டை இடைவெளியில் ஏறக்குறைய 12 பக்கம். முன்னுரை, முடிவுரைக்கு 500 போனால் மிச்சம் 2500. அதில் மூன்று வாதங்களை ஒழுங்காக நிறுவலாம். அறுபது கட்டுரையை எங்கே வைப்பீர்கள்?

ஆசிரியர் கொடுத்த தாளை முதலில் முழுக்கப் படியுங்கள். சொல் வரம்பில் சான்றுப் பட்டியலும் சேருமா? சான்றுகளைக் குறிப்பிடும் முறை ஏபிஏ (APA) நடையா, எம்எல்ஏ (MLA) நடையா? இதைக் கடைசி இரவில் கேட்டால் எப்படி? எழுதியவர் பெயரோடு ஏபிஏ ஆண்டைக் கேட்கும், எம்எல்ஏ பக்க எண்ணைக் கேட்கும். ஒருவர் எழுதியதை அப்படியே எடுத்துக் காட்டினால் ஏபிஏவிலும் பக்க எண் வேண்டும். குறிப்பெடுக்கும்போதே எழுதி வைக்காவிட்டால் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து தேடவேண்டியதுதான்.

அப்படியே எடுத்த வரிகளுக்குக் குறிப்பு நோட்டிலேயே மேற்கோள் குறி போடுங்கள். எழுத்துத் திருட்டு என்று மாட்டிக்கொண்டு என்னிடம் அழுதுகொண்டு வந்தவர்களில் பலர் திருட நினைத்தவர்கள் அல்ல. இரண்டு வாரம் கழித்து, எது தன் வரி, எது அடுத்தவர் வரி என்று தெரியாமல் போனவர்கள்.

ஏஐ கொடுக்கும் சான்றுப் பட்டியலைத் தயவுசெய்து அப்படியே நம்பாதீர்கள். அதைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு வருகிறார்கள். தேடினால் இதழ் இருக்கிறது, அந்த ஆண்டின் தொகுதியும் இருக்கிறது, கட்டுரை மட்டும் இல்லை.

கொடுக்கவேண்டிய தேதியிலிருந்து பின்னோக்கி நாள் குறியுங்கள். திருத்த ஒரு வாரம், எழுத ஒரு வாரம், மிச்சம்தான் படிப்பதற்கு. முக்கியமான புத்தகம் வேறொருவரிடம் இருக்கிறதா என்று அன்றைக்கே விசாரியுங்கள். வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க நாளாகும். கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதி ஆசிரியரிடம் காட்டிவிடுங்கள். அது அமையவில்லையென்றால் முதல் வாரமே என்னிடம் வாருங்கள், அரை மணி நேரம் உட்கார்ந்து பேசலாம். முந்தின நாள் மாலை வந்தால் பிரின்டர் எங்கே இருக்கிறது என்று காட்டத்தான் என்னால் முடியும்.