சுருள்வில்: ஸ்பிரிங்கை இழுக்க எவ்வளவு வேலை?

பாடப்புத்தகத்தில் சுருள்வில் என்று வருவது, பட்டறையில் எல்லாரும் ஸ்பிரிங் என்று சொல்லும் அதே பொருள்தான். ஸ்பிரிங் என்ற ஆங்கிலப் பெயர் 'துள்ளு, குதி' என்னும் பழைய வினையிலிருந்து வந்தது. கையை விட்டதும் துள்ளுகிறதே, அதனால். தமிழ்ப் பெயரில் சுருள் என்பது வடிவம், வில் என்பது குணம். வெறும் சுருள் என்றால் மின்சாரப் பாடத்தில் வரும் கம்பிச்சுருளோடு குழம்பிவிடும். லாரிக்கு அடியில் பட்டைபட்டையாக அடுக்கிய ஸ்பிரிங்கில் சுருளே கிடையாது. அதற்கு வில் என்பது மட்டும்தான் பொருந்தும். ஆகவே இந்தச் சொல்லின் உயிர் வில்லில்தான் இருக்கிறது என்பேன்.

கணக்கும் அங்கேதான் இருக்கிறது. நாணை இழுக்க இழுக்கக் கைக்குப் பாரம் கூடும். சுருள்வில்லிலும் அப்படியே. 'நீட்சி எப்படியோ விசையும் அப்படியே' என்ற பொருளில் ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1678-இல் லத்தீனில் எழுதினார். ஒரு மீட்டர் நீட்சிக்கு எத்தனை நியூட்டன் விசை என்ற விகிதம்தான் சுருள்வில் மாறிலி.

மாறிலி 200 என்று வைப்போம். 10 செ.மீ. நீட்டினால் முடிவில் விசை 20 நியூட்டன். வேலை என்றால் விசையை இடப்பெயர்ச்சியால் பெருக்குவதுதானே என்று 20-ஐ 0.1-ஆல் பெருக்கி 2 ஜூல் என்று எழுதுகிறவர்கள் நிறைய. அது தவறு. 20 நியூட்டன் கடைசி நொடியில்தான் வருகிறது. தொடக்கத்தில் விசை சுழியம். சராசரி 10 நியூட்டன், ஆகவே வேலை 1 ஜூல். சூத்திரத்தில் வரும் 'பாதி' இந்தச் சராசரிதான்:

வேலை = ½ × மாறிலி × நீட்சி × நீட்சி

தொகையிடல் தெரிந்தவர்களுக்கும் இதே விடைதான் வரும்.

சரி, 20 செ.மீ. வரை இழுத்தால்? மொத்தம் 4 ஜூல். அதாவது முதல் 10 செ.மீ.க்கு 1 ஜூல், அடுத்த 10 செ.மீ.க்கு 3 ஜூல். நீட்சி இரண்டு மடங்கானால் வேலை நான்கு மடங்கு. செய்த வேலை சுருள்வில்லுக்குள் நிலை ஆற்றலாகத் தங்கும். அமுக்கினாலும் இதே சூத்திரம்தான்.

ஆனால் மீட்சி எல்லைக்குள் இருக்கும்வரைதான் இது செல்லும். பேனா ஸ்பிரிங்கை ஒரேயடியாக இழுத்து, அது பழைய நீளத்துக்குத் திரும்பாமல் போய்விட்டால், அந்த இழுப்புக்கு இந்தச் சூத்திரம் உதவாது.